உடம்பின் பிளவும் உயிரின் பிளவின்மையும்

உயிர்கள் தத்தம் வினைக்கீடாக உடம்பொடு கூடுதல் பிறப்பெனப்படும். அதனை அண்டசம், சுவேதசம், உற்பிச்சம், சராயுசம் என நால்வகைப்படுத்தினர் நம் ஆன்றோர். இக்காலத்து உயிர்நூலாரோ, ஆண்பெண் கூட்டத்தாற் பிறத்தலும், அக்கூட்டமின்றி ஓருடம்பினின்றே மற்றோருடம்பு கிளைத்தலும் என இருவகைப்படுத்துவர். பின்னையதைக் கற்ற மாணாக்கர் சிலர், "ஓருடம்பு இரண்டாகப் பிளந்து இரண்டும் உயிர்வாழுமாயின், உயிரும் பிளவுண்டதன்றோ? பிளவுறும் பொருள் நித்தமாதல் யாங்ஙனம்?" என வினவுவர். உயிர்கள் பல, அவை அநாதி என்னும் நம் கொள்கையின் வேரைத் தொடும் வினா இஃதாகலின், ஈண்டு ஆராயப்புகுகின்றாம்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் உயராய்வு மையம் உளது. அவ்வாற்றுக்குத் தெற்கே பிச்சாவரத்து உப்பங்கழிகளில், சிதம்பரத்துத் தலமரமாகிய தில்லை இன்றும் வளர்கின்றது. தில்லையில் ஆண்பூப் பூப்பது ஒரு மரம். பெண்பூப் பூத்துக் காய்ப்பது வேறொரு மரம். இது கூட்டத்தாற் பிறத்தற்கு எடுத்துக்காட்டாம்.

அப்பக்கத்துக் கடலில் மிதக்கும் சொறிமுட்டையோ இருவகையும் உடையது. அதன் ஆணின் விந்தும் பெண்ணின் முட்டையும் கூடித் தோன்றிய இளவுயிர், கல்லிலேனும் சிப்பியிலேனும் ஒட்டிச் சிறு தண்டுபோல் நிற்கும். அத்தண்டு அரும்பி வேறு தண்டுகளை ஈனும். பின்னர்த் தட்டுகளை அடுக்கினாற்போலக் குறுக்கே பிளவுபட, ஒவ்வொரு தட்டும் கழன்று மிதந்து தனித்தனிச் சொறிமுட்டையாய் வளரும். முட்டையிற் பிறந்தமை நோக்கின் அண்டசம்போலும். அரும்பிப் பிளந்தமை நோக்கின் உற்பிச்சம்போலும். எனவே, இவ்வகைகள் உடம்பு தோன்றும் வாயிலைக் குறிப்பனவன்றி உயிரின் இயல்பைக் குறிப்பன அல்ல என்பது பெறப்படும்.

நன்னீரில் வாழும் ஐதரா என்னும் சிற்றுயிரை அரிந்து, துண்டுகள் தனித்தனி முழுவுடம்பாய் வளர்ந்தமையை ஆபிரகாம் திரம்பிளே 1744 இல் நூலாக வெளியிட்டார். அஞ்ஞான்று ஐரோப்பிய அறிஞரிடையும் இவ்வினாவே எழுந்தது.

இதற்கு விடை கூறுதும். கூட்டத்தாற் பிறக்கும் மகவும் தாய்தந்தையர் உடம்பின் கூறுகளைக் கொண்டே உடம்பு பெறுகின்றது. அதனால் அவர்தம் உயிர் குறைந்ததென்பார் யாண்டும் இலர். பிரிந்த கூறு ஒரு துளியாயினும் உடம்பிற் பாதியாயினும் நியாயம் ஒன்றே.

அற்றன்று, பாதியாய்ப் பிளந்தவழித் தாயிது மகவிது என்னும் வேறுபாடு இன்மையின் அவ்வுவமை ஒவ்வாதெனின், மக்களிடத்தே காட்டுதும். ஒரே கருமுட்டை கருவாகியபின் இரண்டாய்ப் பிரிய, இரட்டையர் பிறப்பதுண்டு. உருவால் அவர் வேறறிய அரியர். ஆயினும் ஒருவன் உண்ண மற்றவன் பசி தீராது. ஒருவன் கற்க மற்றவன் அறிவுடையனாகான். ஒருவன் இறந்துழி மற்றவன் வாழ்வான். உயிர் பிளந்து இருவரானாரெனின், அநுபவம் இங்ஙனம் முற்றும் வேறாதல் கூடாது. ஆகவே பிளந்தது மாயையின் காரியமாகிய உடம்பே. ஒன்றில் முன்னைய உயிர் நிற்ப, மற்றொன்றில் தன் வினைக்கீடாகப் பிறிதோருயிர் புகும் என்க.

எதனுள் நின்றது முன்னையது எனக் கண்ணாற் காட்டல் இயலாமை குற்றமாகாது. உயிர் கட்புலனாகும் பொருளன்மையின். இல்லத்தின் நடுவே சுவரெழுப்பி இரண்டாக்கினால், குடியிருப்போன் இருவனாகான். மறுபகுதிக்கு வேறொருவன் குடிவருவான். மாணாக்கர் இதனை உளங்கொண்டு, உயிர்நூலை அச்சமின்றிக் கற்பாராக.