உரோமர் வெள்ளிக்காசும் நாணயமும்

நாணயம் என்னுஞ் சொல் நம் மொழியிற் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே விளங்கும் நிகழ்ச்சியொன்று இலங்கை வரலாற்றில் உண்டு. அதனை இங்கு ஆராய்வாம்.

உரோமப் பேரரசன் குளோடியஸ் கி.பி. 41 முதல் 54 வரை ஆண்டான். அக்காலத்தே, செங்கடற் பகுதியில் வரி தண்டும் உரிமை பெற்றிருந்த அன்னியஸ் புளொக்கமஸ் என்பானுடைய ஆள் ஒருவன், அராபியாவைச் சுற்றி மரக்கலத்திற் செல்லுங்காற் காற்றினால் அலைக்கப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கைத் துறைமுகமொன்றை அடைந்தான். ஆறு திங்களில் இத்தீவின் மொழியைக் கற்று அரசனோடு உரையாடினான். அவன்பாலிருந்த வெள்ளிக்காசுகளைக் கண்ட வேந்தன் வியந்தான். அவற்றிற் பொறித்த தலைகள் வெவ்வேறானவை. ஆதலின் அவற்றை வெளியிட்டோரும் பலர் என்பது தெளிவு. ஆயினும் எடை ஒன்றே! ஆள்வோர் மாறியும் அளவு மாறாத அந்நேர்மையே அவன் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது. உரோமரின் நட்பை நாடி, ராகியாஸ் என்பானைத் தலைவனாகக் கொண்ட தூதுவர் நால்வரை அனுப்பினான். இச்செய்தியைத் தருபவர் ‘இயற்கை வரலாறு’ இயற்றிய பிளினி என்னும் உரோம அறிஞராவர்.

இலங்கையில் அகப்பட்ட உரோமக் காசுகளுட் பெரும்பாலன 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகளே. தெனாரியஸ் எனப்படும் வெள்ளிக்காசைக் காண நாம் தமிழகத்தை, சிறப்பாகக் கரூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளை, நோக்கல் வேண்டும். ஆங்குக் கிடைத்த புதையல்களில் இருவகைக் காசுகள் மிகுதி. ஒன்று, அகஸ்தஸ் காலத்தது. அதன் ஒரு புறம் வாகைமாலை சூடிய பேரரசன் தலை. மறுபுறம் கேடயமும் ஈட்டியுங் கொண்டு நிற்கும் காயஸ், லூசியஸ் என்னும் இளவரசர் இருவர். இவர் அவன் மகள் வயிற்றுப் பேரர். அவனால் மக்களாக ஏற்கப்பட்டவர். லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்தனர். அரசுரிமை எய்தாத அவ்விளையோரின் உருவம் கடல் கடந்து தமிழ் வணிகர் கைகளில் உலவிற்று. மற்றது, திபேரியஸ் வெளியிட்டது. அதன் பின்புறத்தே செங்கோலுங் கிளையும் ஏந்தி வீற்றிருக்கும் பெண்ணுருவம் காணப்படும். அவ்வுருவம் அவன் தாய் லிவியாவைக் குறிப்பதென்பர் பலர்.

இவ்வுருவங்கள் உரோமருக்கு அரச குலப் பெருமையை உணர்த்தின. நம்மவர் மதித்ததோ வெள்ளியை. கி.பி. 64இல் நீரோ மன்னன் ஓர் உரோம இறாத்தலுக்கு 84 காசு என்றிருந்த அளவை 96 ஆக்கினான். வெள்ளியின் தூய்மையையுங் குறைத்தான். காசில் அரசன் முகம் முன்போலவே அழகுற விளங்கிற்று. எனினும் அவனுக்குப் பிற்பட்ட வெள்ளிக்காசுகள் தமிழகப் புதையல்களில் அருகியே தோன்றுகின்றன.

களனி கங்கைக்கு அணித்தான கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை வாணிகம் புரியும் நம்மவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. பெயர்ப்பலகை வருவோரை அழைக்கும்; தராசே அவரை மீண்டும் வரச்செய்யும். கொழும்பு நூதனசாலையிற் பழங்காசுகளைக் காணும் மாணவர், பொறித்த முகம் யாருடையதென வினவுவதோடு அமையாது, அதன் எடையையும் வினவுவாராக.