பச்சையாகத் தின்னும் கீரை: வீட்டில் அருகுலா



வங்கி வேலையில் ஓய்வு பெற்று, கோவைப் பக்கம் தோட்டத்துக்கு வந்த பிறகு நான் முதலில் தோற்ற பயிர் அருகுலா. பேத்தி கேட்டாளென்று சித்திரையில் விதைத்தேன். இருபத்தஞ்சே நாளில் பூத்துவிட்டது. இலையை வாயில் வைக்க முடியாத கசப்பு. "இதுக்குப் போயி இத்தனை காசா?" என்றார் வீட்டுக்காரம்மா. தப்பு விதையில் இல்லீங்க, நான் போட்ட பட்டத்தில்.

அருகுலா கடுகுக் குடும்பம். ராஜஸ்தான் பக்கம் எண்ணெய்க்காக விதைக்கும் தாராமிராவும் இதே இனம்தான். அங்கே அது குளிர்காலப் பயிர். நமக்கு ஐப்பசி முதல் தை வரை விதைக்கலாம். வெயில் ஏறினால் செடி பூக்க அவசரப்படும், கசப்பும் கூடும்.

விதைப்பு: ஆறு அங்குல ஆழத் தொட்டி போதும். செம்மண் 2 பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் 1 பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அரை சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். நாலு முதல் ஏழு நாளில் முளைக்கும். பிறகு நாலு அங்குலத்துக்கு ஒரு செடி விட்டுக் கலைத்துவிடுங்கள். கலைத்த நாற்றையும் தின்னலாம். காலை வெயில் படட்டும், மதியம் நிழல் வேண்டும். மண் காய்ந்தால் காரம் ஏறும்.

பூச்சி: தெள்ளுவண்டு இலையைச் சல்லடையாக்கும். விதைத்த அன்றே பழைய கொசுவலையால் மூடினால் பாதி கவலை தீரும். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. பஞ்சகவ்யத்தைப் பரப்பிய கொடுமுடி மருத்துவர் நடராஜன் நம்ம கொங்கு மண்ணுக்காரர். நான் எல்லாப் பயிருக்கும் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளிக்கிறேன். ஆனால் அருகுலா வேகாமல் வாய்க்குப் போகிற இலை. சாணமும் கோமியமும் சேர்ந்த கரைசலை இலைமேல் தெளித்துவிட்டு மறுநாள் பறிப்பது சரியில்லை. இயற்கை என்பதாலேயே கிருமி இல்லையென்று ஆகாது. அதனால் இதற்கு மட்டும், செடி சிறிதாக இருக்கும்போது ஒரே முறை வேரில் ஊற்றுகிறேன். பச்சைச் சாணமும் போடுவதில்லை. இலையை நல்ல தண்ணீரில் ரெண்டு தடவை அலசித்தான் தட்டில் வைப்போம்.

அறுவடை: முப்பது, முப்பத்தஞ்சு நாளில் வெளி இலைகளைக் கிள்ளுங்கள். நடுக்குருத்தைத் தொடாதீர்கள். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூணு தடவை வரை பறிக்கலாம்.

விதை: கடையில் விதை விலை அதிகம். எல்லாச் செடியும் பூத்த பிறகும் கடைசியாகப் பூக்கிற பத்துச் செடிகளை விடுங்கள். ஒண்ணு ரெண்டு விட்டால் காய் சரியாகப் பிடிக்காது. மகரந்தம் செடிக்குச் செடி மாற வேண்டும். பூக்கும் நேரம் வலையை எடுத்துவிட்டால் தேனீ பார்த்துக்கொள்ளும். காய் பழுத்து வெடிக்கும் முன் அறுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வையுங்கள். முந்திப் பூத்த செடியில் விதை எடுத்தால் அடுத்த வருசமும் முந்தியே பூக்கும்.

முப்பது வருசம் அடுத்தவர் முதலைக் காத்தவன் சொல்கிறேன்: விதைதானுங்க நம்ம முதல். அதைக் கையில் வைத்திருங்கள்.