எமது பெயரில் இன்னொருவர் கையொப்பமிட்டால்

இடம்பெயர்ந்து வாழும் எம்மிடம் வருடத்தில் எத்தனை தடவை அடையாள அட்டைப் பிரதி கேட்கிறார்கள்! நிவாரணப் பதிவுக்கு ஒன்று, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, விதைநெல்லுக்கு ஒன்று, கடன் குழுவுக்கு இரண்டு. நாமும் பத்துப் பிரதிகளை ஒன்றாக எடுத்துப் பைக்குள் வைத்திருந்து, கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறோம். அந்தத் தாள் பிறகு யார் கையில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

காணியோ ஊரில் கிடக்கிறது. நாம் வேறோர் இடத்தில். பக்கத்துக் காணிக்காரரும் அங்கே இல்லை. களவு நடப்பது இப்படித்தான்: எமது பெயரும் இலக்கமும் போட்டு, படம் மட்டும் வேறொருவருடையதாக ஒரு போலி அட்டை தயாராகும். அதையும் எமது உறுதியின் பிரதியையும் எடுத்துக்கொண்டு அந்த ஆள் ஒரு நொத்தாரிசிடம் போவார். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட, எமது காணி விற்கப்பட்டதாக எழுதப்படும். இதைத்தான் ஆள்மாறாட்டம் என்கிறோம்.

காணி கைமாறுவதற்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிற்க எழுதப்பட்ட உறுதி வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் முன்னால் வந்து நிற்பவர் உண்மையான ஆளா என்பதில் அது தங்கியிருக்கிறது. ஊரில் இருந்த காலத்தில் நொத்தாரிசுக்கு எமது தகப்பனாரையே தெரியும். சாட்சி நின்றவர் அயலவர். இடப்பெயர்வு குலைத்தது அந்த அறிமுகத்தை.

கள்ள உறுதியால் உரிமை மாறாது. ஆயினும் அது கள்ளம் என்று மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வருடக்கணக்காகும். அதற்குள் வாங்கியவர் வேலி அடைத்துக் கிணறும் வெட்டியிருப்பார். அவரும் காசு கொடுத்து ஏமாந்தவராக இருக்கலாம்.

ஆகவே பிரதி கொடுக்கும்போதே கவனமாக இருப்போம். பிரதியின் குறுக்கே பேனையால் கோடிழுத்து, யாருக்கு, என்ன தேவைக்கு, என்ன திகதியில் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுப்போம். ‘வீட்டுத்திட்டப் பதிவுக்கு மட்டும்’ என்று எழுதிய தாளை இன்னொரு தேவைக்குக் காட்டுவது கடினம். கடையில் பிரதி எடுக்கையில் பழுதான தாளையும் கேட்டு வாங்கி வருவோம். வெற்றுத் தாளில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்கவே கூடாது, கேட்பவர் எவ்வளவு தெரிந்தவரானாலும்.

அடையாள அட்டை இலக்கத்தை வெறும் இலக்கமென்று எண்ணுகிறோம். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1978532 என்று தொடங்கினால் அவர் 1978 பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த பெண். இலக்கத்தைச் சொன்னால் பிறந்த திகதியையும் சொன்னதாகும். ‘உங்களுக்கு உதவிப்பணம் வந்திருக்கிறது’ என்று தொலைபேசியில் கூப்பிடுபவர் இவற்றைச் சரியாகச் சொல்வதால் அவர் அதிகாரி ஆகிவிடமாட்டார். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை அவரிடம் சொன்னால் வங்கியிலுள்ள பணம் போய்விடும். வங்கியோ பிரதேச செயலகமோ அதைக் கேட்பதில்லை.

இனி, காணி இன்னும் எமது பெயரில் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? உறுதிக் காணியானால், அது இருக்கும் பகுதிக்குரிய காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும். ஒரு காணி சம்பந்தமாகப் பதியப்படும் உறுதிகள் அங்கே அக்காணிக்குரிய பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். எமது உறுதியில் குத்தியிருக்கும் பதிவு முத்திரையில் அந்தத் தொகுதியும் பக்கமும் உண்டு. கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். எமது உறுதிக்குப் பின்னால் நாம் அறியாத பதிவு எதுவும் இருந்தால் உடனே அதன் பிரதியை எடுத்துக்கொண்டு பொலிசிலும் சட்டத்தரணியிடமும் போக வேண்டும். வருடம் ஒருமுறை பஸ் காசு செலவழித்தாவது இதைப் பார்ப்பது நல்லது. 1995இலோ 2009இலோ உறுதியைத் தொலைத்தவர்கள் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் நினைவிலுள்ளதைக் கொண்டு அங்கேயே பிரதி கேட்டுப் பார்க்கலாம். நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இணைப்பிரதியும் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது வழக்கம். அரச அனுமதிப் பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் விசாரிக்க வேண்டும்.

யாரோ காணியை விற்க முயல்வதாகக் கதை அடிபட்டால், காணிப் பதிவகத்தில் ‘கேவியற்’ எனப்படும் எச்சரிக்கைப் பத்திரம் ஒன்றைப் பதியலாம். பின்னர் அக்காணி பற்றி யாராவது உறுதி கொண்டுவந்தால் எமக்கு அறிவித்தல் வரும். இது குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். எத்தனை நாளுக்கு என்று பதியும்போதே கேட்டு எழுதி வைப்போம். அறிவித்தல் முகாமுக்கு வரவேண்டுமானால் முகாம் முகவரியைக் கொடுக்க வேண்டும். ஊர் முகவரியைக் கொடுத்தால் அது பூட்டிய வீட்டுக்கே போகும்.

வெளிநாட்டிலுள்ள உறவினரின் காணியை அற்றோணித் தத்துவம் பெற்றுப் பார்ப்பவர்கள், அவர் விற்க அதிகாரம் தந்தாரா, பராமரிக்க மட்டுமா என்பதை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்வது அவர்களுக்கே பாதுகாப்பு.

அட்டை தொலைந்தால் ‘பிறகு பார்ப்போம்’ என்றிருக்கக் கூடாது. அன்றே பொலிசில் முறைப்பாடு செய்து பிரதியை வாங்க வேண்டும். அதன் பின் கிராம அலுவலர் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். புதிய அட்டை வந்த பிறகும் அந்த முறைப்பாட்டுப் பிரதியை எறிந்துவிட வேண்டாம். தொலைந்த அட்டையை யாராவது பின்னாளில் பாவித்திருந்தால், அது அப்போது எம்மிடம் இருக்கவில்லை என்பதற்கு அந்தத் திகதியே சாட்சி.