குளக்கரையில் ஒரு வழியனுப்பல்

நமது நாட்டில் வசந்தம் என்றொரு தனிப்பருவம் இல்லை. மார்ச், ஏப்ரல் என்றால் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். ஆனாலும் வடக்கே பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் வசந்தம் பிறக்கப்போவதை நமது குளக்கரையில் நின்றே அறியலாம். அச்செய்தியைச் சொல்பவை வலசைப் பறவைகள்.

ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இவை இலங்கைக்கு வரத் தொடங்குகின்றன. சைபீரியா, மத்திய ஆசியா முதலிய பகுதிகளிலிருந்து இந்தியாவைக் கடந்து வரும் வழியை மத்திய ஆசியப் பறவைப் பாதை என்பர். நமக்குத் தெற்கே பரந்த சமுத்திரமே இருப்பதால், பல பறவைகளுக்கு இத்தீவே பயணத்தின் எல்லை. மன்னார் கட்டுக்கரைக் குளம், வங்காலை, புந்தல ஆகியன அவை தங்கும் புகழ்பெற்ற இடங்கள். ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இலங்கையிலிருந்து முதலில் இடம்பெற்றது புந்தல, ஆண்டு 1990. வங்காலை 2010இல் சேர்ந்தது.

மார்ச் மாதமளவில் இப்பறவைகளிடம் இரு மாற்றங்களைக் காணலாம். முதலாவது நிறம். மாரிகாலத்தில் மங்கிய மண்ணிறத்தில் இருந்த பொன்னிற உப்புக்கொத்தியின் முகத்திலும் வயிற்றிலும் கறுப்பு இறகுகள் திட்டுத்திட்டாக முளைக்கும். மீசை ஆலாவின் தலையில் கருந்தொப்பி தோன்றும். இது இனப்பெருக்கக் காலத்துக்கான கோலம்.

இரண்டாவது பசி. உள்ளான்கள் சேற்றில் புழு, பூச்சிகளை ஓயாது தேடித் தின்னும். அவ்வுணவு கொழுப்பாகச் சேர்ந்து, நெடும்பயணத்துக்கு எரிபொருளாகிறது. நெடுந்தூரம் பறக்கும் சில இனங்கள் புறப்படுமுன் தமது எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொள்கின்றன. நமது நாட்டில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அப்படியிருந்தும் அவை காலத்தை அறிவது எப்படி? பறவையின் உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் இயங்குவதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

இதனை அறியாத காலத்தில் நான் செய்த தவறொன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் குளத்தில் உள்ளான் கூட்டமொன்று மேய்ந்துகொண்டிருந்தது. பறந்தால் அழகாக இருக்கும் என்று தோழி கைதட்டினாள். நானும் சேர்ந்து தட்டினேன். கூட்டம் எழுந்து சுழன்றது. நாங்கள் சிரித்தோம். அவை இறங்கியதும் மறுபடியும் தட்டினோம். பயணத்துக்கென அவை சேமித்த எரிபொருளை நாங்கள் விளையாட்டாக வீணாக்கினோம் என்பது பின்னர்தான் புரிந்தது.

ஆகவே, பறவை பார்க்கச் செல்லும்போது சிலவற்றைக் கடைப்பிடிப்போம். அதிகாலையில், சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு அமர்வோம். தொலைநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பொறுமை போதும். பறவை மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்த்தினால், நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள், மெதுவாகப் பின்வாங்குவோம். குளத்தோரச் சேற்றில் குப்பை கொட்டுவோரிடம், அது பறவைகளின் உணவுக் களஞ்சியம் என்று எடுத்துச் சொல்வோம்.

கொப்பியில் இடம், திகதி, இனம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். ஏப்ரலின் பின் ஒருநாள் அச்சேற்றில் உள்ளான்கள் இரா. அவற்றைக் கடைசியாகக் கண்ட திகதியின் கீழ் கோடிட்டு வையுங்கள். ஆண்டுதோறும் இப்படிச் செய்தால், அவை புறப்படும் காலம் மாறுகிறதா என்பதை உங்கள் கொப்பியே சொல்லும். ஓகஸ்டில் மீண்டும் அதே கரைக்குச் செல்லுங்கள்.