மூச்சு வாங்குவதற்கு இரத்தமும் காரணமாகலாம்



மாஞ்சோலை மேட்டில் ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கும். ஆனால் கீழே இறங்கி வந்து, சமதரையில் நாலு எட்டு வைத்தாலும் மூச்சு வாங்கினால், "வயசாச்சு", "இரத்தம் கம்மி" என்று நாம் விட்டுவிடக் கூடாது.

நம் உடலில் ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். அரிவாள் அணு இரத்தசோகை உள்ளவர்களுக்கு அது 10 முதல் 20 நாட்களிலேயே உடைந்துவிடும். தலசீமியா போன்ற வேறு சில நோய்களிலும் இப்படி அணுக்கள் சீக்கிரம் சிதையும்.

அணு உடைந்தால் அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டுகிறது. நம் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரித்து வைப்பது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு. கொட்டிய ஹீமோகுளோபின் அந்த வாயுவை விழுங்கிவிடுகிறது. உடைந்த அணுவிலிருந்து வரும் ஆர்ஜினேஸ் என்னும் நொதியோ, அந்த வாயு உருவாகத் தேவையான ஆர்ஜினைனையும் அழிக்கிறது. இதனால் நுரையீரல் குழாய்கள் இறுகுகின்றன. நாளடைவில் அவற்றின் சுவரும் தடிக்கிறது. குறுகிய குழாயில் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப் போகிறது. இதுவே நுரையீரல் இரத்த அழுத்த நோய். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷரில் இது தெரியாது.

இந்தியாவில் அரிவாள் அணு முதன்முதலாக 1952-இல் அறியப்பட்டது நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்நோயுள்ள பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எக்கோ பரிசோதனையில் இந்த அழுத்தத்தின் அறிகுறி தெரிந்தது. இதயத்துக்குள் குழாய் செலுத்தி அளந்த பிந்தைய ஆய்வுகள், நூற்றுக்கு 6 முதல் 10 பேருக்கு நோயை உறுதி செய்தன. எக்கோ எச்சரிக்கும்; முடிவு சொல்வது அடுத்த பரிசோதனை.

நாம் கவனிக்க வேண்டியவை: வெளிறிய முகம், அடிக்கடி மஞ்சளாகும் கண், கறுத்த சிறுநீர், நடந்தால் மூச்சிரைப்பு, கால் வீக்கம், மயக்கம். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி கொடுத்து முடித்துக்கொள்ள வேண்டாம். இரத்தசோகை எல்லாமே இரும்புச்சத்துக் குறைவு அல்ல. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும். சோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்கினால் கேடு. நுரையீரல் அழுத்தத்துக்கான மாத்திரையையும் தாமாக வாங்கக் கூடாது. அவற்றுள் ஒன்றான சில்டெனாஃபில், அரிவாள் அணு நோயாளிகளுக்கு வலியை அதிகப்படுத்தியதால் 2009-இல் ஓர் ஆய்வே நிறுத்தப்பட்டது.

2024-இல் தோட்ட வேலை நின்றபின் புது ஊருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். புதிய மருத்துவரிடம் காட்டுங்கள். சொந்தத்தில் சம்பந்தம் பேசுமுன் இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இருவரும் இந்நோயின் மரபணுவைத் தாங்கியவர்களானால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

பக்கத்து வீட்டில் யாராவது படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்தால், "இரத்தம் பார்த்தீர்களா, எக்கோ எடுத்தீர்களா?" என்று கேளுங்கள். கூட வர ஆளில்லை என்றால் நாமே அழைத்துப் போவோம்.