தொலைக்காட்சி விவரணச் சித்திரமும் தேசிய அடையாளமும்

மாணவர்களே, உண்மை நிகழ்வுகளையும் மனிதர்களையும் ஆதாரங்களுடன் ஒரு நோக்கில் ஒழுங்குபடுத்திக் காட்டும் ஆக்கமே விவரணச் சித்திரமாகும். ‘ஒரு நோக்கில்’ என்பதைக் கவனியுங்கள். ஆதாரம் ஒன்றாக இருந்தாலும் நோக்கு மாறும்போது வரலாறு வேறாகத் தெரியும். இதனைப் பின்வரும் உதாரணத்தின் மூலம் விளங்கிக்கொள்வோம்.

உதாரணம்: ‘நியூசிலாந்துப் போர்கள்’ (1998)

நியூசிலாந்துத் தொலைக்காட்சியில் ஐந்து பகுதிகளாக ஒளிபரப்பான தொடர் இது. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெலிச் 1986 இல் வெளியிட்ட நூலை அடிப்படையாகக் கொண்டது. தொகுத்து வழங்கியவரும் அவரே. நெறியாளர் தைனுயி ஸ்டீவன்ஸ் மாவோரி இனத்தவர்.

பின்னணி

1840 பெப்ரவரி 6 இல் பிரித்தானியருக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே வைத்தாங்கி உடன்படிக்கை கைச்சாத்தானது. ஆங்கிலப் பிரதி ‘இறைமை’ கையளிக்கப்பட்டதாகக் கூறியது. பெரும்பாலான தலைவர்கள் ஒப்பமிட்ட மாவோரிப் பிரதியிலோ ‘ஆளுகை’ எனப் பொருள்படும் சொல்லே இருந்தது. இக்கருத்து வேறுபாடும் காணிப் பிரச்சினையும் பின்னர் போர்களுக்கு வழிவகுத்தன.

தொடர் எடுத்துக்காட்டிய விடயங்கள்

1. மாவோரியரின் போர்த்திறன்: 1864 ஏப்ரல் 29 இல் கேட் பா கோட்டையை ஏறத்தாழ 1700 பிரித்தானியப் படையினர் தாக்கினர். உள்ளே இருந்தோர் ஏறத்தாழ 230 பேர். நிலத்தடிப் பதுங்குகுழிகள் அவர்களைப் பீரங்கிக் குண்டுகளிலிருந்து காத்தன. தாக்குதல் முறியடிக்கப்பட்டது.

2. பதிவுகளின் பக்கச்சார்பு: இத்தகைய தோல்விகளுக்குத் தளபதிகளின் தவறுகளே காரணம் எனக் காட்டும் போக்கு பிரித்தானியப் பதிவுகளில் இருந்தது. மாவோரியரின் திறமை அவற்றில் மறைக்கப்பட்டது என்பதே பெலிச்சின் வாதம்.

3. காணி இழப்பு: வைக்காட்டோ போரின் பின்னர் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் காணி பறிமுதல் செய்யப்பட்டது.

பிற்கால நிகழ்வுகள்

உங்களைப் போன்ற பாடசாலை மாணவர்களின் பங்கை இங்கு மறக்கக்கூடாது. ஒட்டோரொகங்கா கல்லூரி மாணவர்கள் போர் நடந்த இடங்களைப் பார்வையிட்டனர். தமது ஊருக்கு அருகே நடந்தவற்றைத் தாம் படிக்கவில்லையே என அவர்கள் வருந்தினர். 2015 இல் 12,000 இற்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் பாராளுமன்றத்திடம் மனுவொன்றைக் கையளித்தனர். 2017 ஒக்டோபர் 28 இல் இப்போர்களுக்கான தேசிய நினைவு நாள் முதன்முறையாக அனுட்டிக்கப்பட்டது. 2023 இல் நாட்டின் சொந்த வரலாறு பாடசாலைகளில் கட்டாயமாக்கப்பட்டது.

கவனிக்க: இம்மாற்றங்கள் யாவும் ஒரு தொலைக்காட்சித் தொடரால் ஏற்பட்டவை என விடை எழுதுவது தவறு. நூல்கள், மாவோரிக் குடும்பங்களின் வாய்மொழி நினைவுகள், மாணவர் முயற்சி ஆகியனவும் காரணங்களாகும். நூலில் இருந்த விவாதத்தை வீடுகளுக்குக் கொண்டு சென்றதே தொலைக்காட்சியின் பங்கு.

விவரணச் சித்திரமொன்றை ஆராயும்போது கேட்கவேண்டியவை

• யார் பேசுகிறார்? யாருடைய குரல் விடுபட்டுள்ளது?
• எவ்வகை ஆதாரங்கள் காட்டப்படுகின்றன?
• பழைய கருத்து எவ்வாறு மறுக்கப்படுகிறது?

பயிற்சி

1. விவரணச் சித்திரம் என்றால் என்ன?
2. வைத்தாங்கி உடன்படிக்கையின் இரு பிரதிகளுக்கும் இடையிலான பிரதான வேறுபாட்டைக் குறிப்பிடுக.
3. “தோல்விகளையும் இழப்புகளையும் அறிவதும் தேசிய அடையாளத்தின் ஒரு பகுதியே.” உதாரணங்களுடன் விளக்குக.