பழ ஈயும் பரிமளமும்

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் புழைக்கடையில் பாகற்பந்தல் இட்டோர் அறிவர்: பிஞ்சு பார்வைக்குப் பழுதின்றித் தோன்றும்; பிளந்தாலோ உள்ளே புழு நெளியும். பெண் பழ ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுதலே காரணம். மேலே தெளிக்கும் மருந்து புழுவை எட்டுவதில்லை. இக்கேடு சிறிதன்று. நம் மாம்பழங்களில் பழ ஈ காணப்பட்டமையால் 2014 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றை ஏற்க மறுத்தது. அத்தடை 2015-இலேயே நீங்கிற்று.

இவ்வீயை அடக்கும் வழியொன்று நம் நாட்டிலேயே தோன்றியது. பீகாரிலுள்ள பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஹௌலெட் என்னும் அறிஞர், கொசுவை விலக்கப் பயன்படும் சிட்ரோனெல்லா எண்ணெயைப் பழ ஈக்கள் நாடி வருதலை ஆராய்ந்து 1912-இல் வெளியிட்டார். வந்தவை ஆண் ஈக்களே. மெதில் யூஜினால் என்னும் பொருளுக்கு அவ்வாற்றல் உண்டென 1915-இல் அவர் எழுதினார். துளசியிலும் இஃது உண்டு.

இதன் மூலக்கூற்றின் வடிவத்தை நோக்குவோம். ஆறு கரியணுக்கள் கைகோத்த ஒரு வளையம். அதன் அடுத்தடுத்த இரு மூலைகளில், ஒவ்வொரு மெதில் தொகுதியைத் தாங்கிய இரு பிராணவாயு அணுக்கள். வேறொரு மூலையில் மூன்று கரியணுக்களாலான வால். ஈயின் உணர்கொம்பிலுள்ள புரதம் பூட்டெனில், இம்மூலக்கூறு அதன் திறவுகோல். கிராம்பெண்ணெயிலுள்ள யூஜினாலில் ஒரு மெதில் தொகுதி குறைவு. ஈர்க்கும் ஆற்றலும் மிகக் குறைவு.

ஆயினும் மெதில் யூஜினாலைப் பாகற்பந்தலில் வைத்துப் பயனில்லை. பாகல், புடல், சுரை முதலியவற்றைக் கெடுப்பது வேறோர் இன ஈ. அதனை ஈர்ப்பது கியூலூர் என்னும் பொருள். அதிலும் அதே அறுகோண வளையமே உண்டு; ஆனால் பிராணவாயு ஏந்திய தொகுதி ஒன்றே வளையத்தில் நிற்கும், அதுவும் வாலுக்கு நேரெதிர் மூலையில். உறுப்புகள் நின்ற இடம் மாறவே, வரும் ஈயும் மாறுகிறது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் கண்ணாடியும் பிம்பமும் போல்வன. ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. ஆலிவ் பழ ஈயின் பெண் வெளியிடும் மணப்பொருளும் இவ்வாறு இருவடிவினது. ஒரு வடிவம் ஆண் ஈக்களை ஈர்க்கும். அதன் பிம்பமோ பெண் ஈக்களை ஈர்க்கும். அணுக்களின் தொகையிலும் தொடர்பிலும் இரண்டிற்கும் வேற்றுமை சிறிதுமில்லை.

மெதில் யூஜினாலும் சிறிது நஞ்சும் தோய்த்த மரத்துண்டைப் பொறியிலிட்டு மாந்தோப்பில் தொங்கவிட்டால், ஆண் ஈக்கள் வந்து மடியும். துணை பெறாத பெண் ஈயின் முட்டை பொரியாது. பழத்தின்மேல் நஞ்சு படுவதுமில்லை. ஆகவே மாணவ நண்பர்களே, கரும்பலகையில் வரையும் அறுகோணத்தில் எந்த மூலையில் எது நிற்கிறதென்பதைக் கவனித்துக் கற்பீராக. ஒரு மூலை தவறினால் பொறி வெறுமையாய்த் தொங்கும். கனியோ புழுவுக்கு இரையாகும்.